மூன்றாம் தட்டு

செந்தூலில், டாக்டர் லோகேந்திரனின் பல் கிளினிக்கில்
கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில்
ஒரு கறுப்புப் பெட்டி.
நான்கு தட்டு, நான்கு வட்டு.
பதினொரு வருஷத்துத் தாடைகள்
எக்ஸ்ரே நிழலாய் அதற்குள் அடுக்கிக் கிடக்கின்றன.
அதைப் பார்த்துக்கொள்வது யாருடைய வேலையும் இல்லை.
ஆகவே என்னுடையது.

பிப்ரவரியில் மூன்றாம் வட்டு செத்தது.
விற்ற கம்பெனி ஆயிரத்து முந்நூறு வெள்ளி என்றது.
டாக்டர் கூரையைப் பார்த்தார்.
லோயாட்டில் ஹோ கடையில் நானூற்று எண்பது.
அதே கொள்ளளவு, அதே வேகம்,
மேலே ஒட்டிய பெயர் மட்டும் வேறு.
போட்டேன். ஓடியது.
நான்கு மாதம் ஒரு பேச்சில்லை.

போன செவ்வாய் இரவு
பெட்டி தன் மென்பொருளைத் தானே புதுப்பித்துக்கொண்டது.
புதன் காலை ஷட்டர் பாதி ஏறும்போதே
பீப்.
மூன்றாம் தட்டில் மஞ்சள் விளக்கு.
‘இந்த வட்டு அங்கீகரித்த பட்டியலில் இல்லை.
இதன் நலத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.’

இந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
என் கணவர் கிள்ளானில் பிறந்தவர்,
சிவப்பு அட்டைக்காரர்.
எந்தக் கவுண்டருக்குப் போனாலும்
இதே மரியாதை, இதே வாக்கியம்.
அன்றிரவு சொன்னேன்.
மீனில் முள் எடுத்தபடியே கேட்டார்,
“ஓடுதா இல்லையா?”

ஓடுகிறது.
உள்ளே போய் எண்களைப் பார்த்தேன்.
மூன்றாவதில் கெட்ட பகுதி: பூஜ்யம்.
முதலாவது
கம்பெனி முத்திரை, பச்சை விளக்கு, பக்கத்தில் ‘நலம்’ என்ற சொல்
முந்நூற்றுப் பன்னிரண்டு.
போன வெள்ளி இருபத்து நான்கு,
அதற்கு முந்தின வெள்ளி எட்டு.
அப்பாயின்மெண்ட் அட்டைகளின் முதுகில் குறித்து வைத்திருக்கிறேன்,
ஏன் என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.
எல்லைக்கோடு என்று ஒன்று உண்டாம்.
அதைத் தொடும்வரை
உள்ளே எத்தனை செத்தாலும் பச்சைதானாம்.

இங்கே தினமும் நடப்பதுதான்.
கீழ்ப்பல்லைத் தொட்டுக் காட்டி அழுவார்கள்,
படம் எடுத்தால் சொத்தை மேலே இருக்கும்.

ஈப்போ கல்யாணத்திலிருந்து டாக்டர் செய்தி அனுப்பினார்:
மஞ்சளைக் கழற்றிவிடு, கம்பெனி வட்டே வாங்கு,
பீப் சத்தத்தில் நோயாளிகள் பயப்படுகிறார்கள்.

ஒன்று போனால் மற்ற மூன்றும் சேர்ந்து
போனதை மனப்பாடமாய் ஒப்பித்துவிடும்.
இரண்டு போனால் ஒப்பிக்க ஆளில்லை.
இதை எப்படி ஒரு செய்தியில் எழுதுவது?
‘சரி டாக்டர்’ என்று அடித்தேன்,
அனுப்பவில்லை.

எல்ஆர்டி. ஹங் துவாவில் மோனோரயில்.
ஹோ பழைய சிரிப்போடு இன்னொன்றை எடுத்து வைத்தார்.
சில்லறைப் பெட்டியில் இருந்தது போதவில்லை,
என் பர்சிலிருந்து நூற்றுப் பத்து.

பச்சையை உருவி எடுத்தேன்.
கை சுட்டது.
ஓர் ஆரோக்கியமான ஆளைக் கொன்றதுபோல்
கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.
குலுக்கினால் உள்ளே எதுவோ
இல்லை, குலுக்கவில்லை.

புதியதைச் செருகியதும்
இரண்டு மஞ்சள். இரண்டு பீப்.
அமைப்புகளில் தேடி வாயை அடைத்தேன்.
ஏழு சதவீதம்.
வெளியே மழை தகரத்தில் இறங்கிற்று.
நோயாளி நாற்காலியைச் சாய்த்துப் படுத்தேன்,
மூன்று வட்டுகளும் நான்காவதற்குச் சொல்லிக்கொண்டேயிருந்தன,
வாய் வாயாக,
யார் யாருடையதோ கடைவாய், கோரை, பால்பல்.
சத்தம் அதிகம் வந்தது மூன்றாம் தட்டிலிருந்து.

விடிந்தபோது அறுபத்தொன்று.
மிச்ச முப்பத்தொன்பதைப் பற்றி
எனக்கும் தெரியாது, ஹோவுக்கும் தெரியாது.
சில்லறைக் கணக்கில் ‘பிடுங்கியது ஒன்று’ என்றெழுதி
தொகையைப் போட்டேன்.

எட்டரைக்கு ரொஹானா அக்கா வந்தார், கன்னத்தில் கை.
அவர் பெயரைத் தட்டினேன்.
வெகுநேரம் வெள்ளைத் திரை.
பிறகு அவர் கீழ்த்தாடை
வரி வரியாக
இறங்கத் தொடங்கியது.